ஸ்லோ குக்கர் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பெங்களூர் அல்சூரில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் ஆறேழு வீடுகளில் ஸ்லோ குக்கர் இருக்கிறது. காலையில் வைத்துவிட்டு ஆபீஸ் போகிறவர்கள் வாங்கியது சில, சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கும் பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்தது சில. அதில் எது நின்றாலும் முதலில் தட்டுவது என் கதவைத்தான். என்னுடையது ஒன்பது வருடமாக ஓடுகிறது. அதை வைத்துக் கற்றுக்கொண்டதில்தான் மற்றவர்களுடையதையும் பார்க்க ஆரம்பித்தேன்.

பார்த்த வரையில் ஒன்று தெளிவு. "கெட்டுப்போச்சு" என்று தூக்கி வருவதில் பெரும்பாலானவை கெட்டிருக்கவே இல்லை. சூடு மெல்ல ஏறும் பாத்திரத்தைப் பிரஷர் குக்கர் மாதிரி எதிர்பார்ப்பதால் வரும் குழப்பம் அது. ஆகவே ரிப்பேர் கடைக்குப் போகும் முன் உங்கள் அறிகுறியைக் கீழே தேடிப் பாருங்கள். செலவே இல்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், காசு வைக்கும் காரணம் கடைசியில் வரும். எதைத் தொடுவதாக இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்ட பிறகு தொடுங்கள்.

## எல்லாவற்றுக்கும் முன்: தண்ணீர் சோதனை

மெஷினில் பழுதா, சமையலில் பழுதா என்று பிரித்துக் காட்டும் சோதனை இது ஒன்றுதான். இதற்கு ஒரு சமையல் தெர்மாமீட்டர் வேண்டும். கம்பி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கி வையுங்கள்.

இரவு படுக்கும் முன் பானையில் (குக்கருக்குள் உட்காரும் பீங்கான் பாத்திரம்) பாதி அளவுக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றி, மூடி, லோவில் வையுங்கள். எட்டு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்த கையோடு கம்பியைத் தண்ணீரில் விடுங்கள். திறந்து வைத்துவிட்டுத் தெர்மாமீட்டரைத் தேடப் போனால் சூடு இறங்கிவிடும்.

85 முதல் 93 டிகிரி செல்சியஸ் வரை காட்டினால் மெஷின் நலம். சமையல் சம்பந்தப்பட்ட அறிகுறிகளுக்கு நேராகப் போங்கள்.

85-க்குக் கீழே நின்றால் "சூடு வருகிறது, போதவில்லை" என்ற பகுதியைப் பாருங்கள். அதுவரை அதில் கறி, கோழி எதுவும் சமைக்க வேண்டாம்.

93-ஐத் தாண்டி, லோவிலேயே தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தால் உங்கள் குக்கர் கொஞ்சம் சூட்டுக்காரன். புது மாடல்களில் இதைப் பார்க்கிறேன். ஆபத்தில்லை, சமையல் குறிப்பில் எட்டு மணி நேரம் என்று இருந்தால் ஆறிலேயே பார்த்துவிடுங்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். தெர்மாமீட்டர் 100 காட்டவில்லையே என்று தேட வேண்டாம்.

## விளக்கும் இல்லை, சூடும் இல்லை

முதலில் அதே சாக்கெட்டில் செல்போன் சார்ஜரையோ மிக்ஸியையோ போட்டுப் பாருங்கள். அது ஓடவில்லை என்றால் பழுது சாக்கெட்டில். அது ஓடுகிறது என்றால் குக்கர் பிளக்கை சுவரிலேயே உள்ள வேறு சாக்கெட்டில் நேரடியாகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மல்டி பிளக் எதுவும் நடுவில் வேண்டாம். நான் பார்த்த "செத்துப்போன" குக்கர்களில் பல இந்த இடத்திலேயே உயிர் பெற்றுவிட்டன. எட்டு மணி நேரம் தொடர்ந்து ஓடும் பொருளுக்குப் பிடிப்பில்லாத சாக்கெட் ஆகாது. பிளக்கின் பின் கருத்திருந்தால், அல்லது தொட்டால் சுடுகிறது என்றால், சாக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள். 6 ஆம்பியர் சாக்கெட் தாராளமாகப் போதும். 250 வாட் குக்கர் இழுப்பது ஒரு ஆம்பியரைக் கொஞ்சம் தாண்டித்தான்.

சிங்கப்பூரிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த குக்கர் என்றால், அதன் தடித்த சதுர பின் பிளக்குக்குள்ளேயே ஒரு சின்ன ஃபியூஸ் உண்டு. அது போனாலும் இதே அறிகுறிதான். நம் ஊரில் அந்த ஃபியூஸைத் தேடி அலைவதைவிட, எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து நம் ஊர் மூன்று பின் பிளக்காக மாற்றிக்கொள்வது நல்லது. அடாப்டர் ஆடிக்கொண்டிருப்பதும் அதோடு தீரும். பழுப்பு வயர் ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் கோடு போட்டது எர்த். நம் பழைய சிவப்பு, கறுப்பு, பச்சைக்குப் பழகிய கை என்றால் இதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

இதுவும் இல்லை என்றால் ஒயரைப் பாருங்கள். குக்கருக்குள் நுழையும் இடத்தில்தான் மடங்கி மடங்கி உள்ளே அறுந்துபோகும். வெளியே வெடிப்போ, கையால் தடவும்போது ஓரிடத்தில் மட்டும் தொளதொளப்போ தெரிந்தால் அதுதான். டேப் சுற்றி ஓட்ட வேண்டாம், ஒயரை முழுசாக மாற்ற வேண்டும். இது எலக்ட்ரீஷியன் வேலை.

## விளக்கு எரிகிறது, சூடு வரவில்லை

குமிழ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வார்மில் நிற்கிறதா? வார்ம் என்பது வெந்ததைச் சூடாக வைக்க மட்டும். அதில் எதுவும் வேகாது. டிஜிட்டல் மாடல் என்றால் நேரத்தை வைத்த பிறகு ஸ்டார்ட் அழுத்தினீர்களா, அல்லது நேரம் முடிந்து தானாக வார்முக்குப் போய்விட்டதா என்று பாருங்கள்.

அதுவும் சரி என்றால் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, மூடி, ஹையில் ஒரு மணி நேரம் விடுங்கள். தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டுக்கு வந்தால் உங்களுக்கு வேண்டியது அடுத்த பகுதி. அப்படியே பச்சைத் தண்ணீராக இருந்தால் உள்ளே இரண்டில் ஒன்று போயிருக்கிறது, தெர்மல் ஃபியூஸ் அல்லது எலிமென்ட்.

மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள் அடித்தட்டைத் திறக்காமலே இதைப் பார்க்கலாம். குமிழ் வைத்த மாடலுக்கு மட்டும் இது பொருந்தும், டிஜிட்டலுக்கு ஒத்துவராது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குமிழை ஹையில் வைத்து, பிளக்கின் ஃபேஸ் பின்னுக்கும் நியூட்ரல் பின்னுக்கும் நடுவே ஓம் அளவெடுங்கள். 250 வாட் குக்கர் 210 ஓம் பக்கம் காட்ட வேண்டும், 200 வாட் என்றால் 265 பக்கம். லோவில் இதைவிட அதிகமாகக் காட்டும். எந்த அளவும் வராமல் மீட்டர் அப்படியே நின்றால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது.

இதற்கு மேல் கடைக்காரரிடம் விடுங்கள். தெர்மல் ஃபியூஸ் என்றால் செலவு சின்னது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் போய்க் கேட்டால் கையில் கொடுத்துவிடுவார்கள், கூலிதான் அதைவிட அதிகம். ஆனால் இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பழைய ஃபியூஸில் அச்சடித்த டிகிரியும் ஆம்பியரும் புதியதிலும் அப்படியே இருக்க வேண்டும். அப்புறம், அதைச் சால்டர் செய்து ஒட்டக்கூடாது. அந்தச் சூட்டிலேயே அது போய்விடும், கிரிம்ப் செய்துதான் இணைக்க வேண்டும். "ஃபியூஸை விட்டுட்டு டைரக்டா கொடுத்துடறேன், ஓடும்" என்று ஒரு கடையில் என்னிடம் சொன்னார்கள். ஓடும்தான். நீங்கள் தூங்கும்போதும் வெளியே போயிருக்கும்போதும் ஓடும் பொருள் அது, உள்ளே சூடு எல்லை மீறினால் நிறுத்த இருப்பது அந்த ஒரு ஃபியூஸ் மட்டும். குக்கரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எலிமென்ட் போயிருந்தால் கணக்குப் பார்க்க வேண்டும். அது பானையைச் சுற்றி, பக்கச் சுவரில் பட்டை மாதிரி ஓடும். அந்த மாடலுக்கே உரியது கிடைத்தால் மாற்றலாம். வேறொன்றை வெட்டி ஒட்டிப் பொருத்துகிறேன் என்றால் வேண்டாம், புதிது வாங்குங்கள்.

## சூடு வருகிறது, போதவில்லை

மூடியைத் திறக்கிறீர்களா? ஒருமுறை திறந்து பார்த்தால் போன சூடு திரும்ப ஏற 20 முதல் 30 நிமிடம் ஆகும். மணிக்கு ஒருமுறை கிண்டினால் எட்டு மணி நேரத்தில் பாதி சமையல்தான் நடந்திருக்கும். கண்ணாடி மூடியில் ஆவி படிந்து உள்ளே தெரியவில்லை என்றால் மூடியைத் தூக்காமல் லேசாகத் தட்டுங்கள், துளிகள் இறங்கிவிடும்.

பானை எவ்வளவு நிறைந்திருக்கிறது? பாதிக்குக் குறையாமல், முக்காலுக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். கழுத்து வரை நிரப்பினால் சூடு ஏற நாளாகும்.

எதை வைத்து ஆரம்பிக்கிறீர்கள்? ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கறியும் குளிர்ந்த தண்ணீரும் என்றால் முதல் இரண்டு மூன்று மணி நேரம் அதைச் சூடாக்கவே போய்விடும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே உணவு எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவுக்குக் கிருமி பெருகும். ஐஸ் கட்டியாக இருக்கும் கறியை ஒருபோதும் போடாதீர்கள். முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி இளக விடுங்கள். பச்சைத் தண்ணீருக்குப் பதில் கெட்டிலில் காய்ச்சிய வெந்நீரை ஊற்றி, முதல் ஒரு மணி நேரம் ஹையில் விட்டுவிட்டு அப்புறம் லோவுக்கு மாற்றுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிப் புகார் நின்றுவிடும். ஆனால் பானை குளிர்ந்திருக்கும்போது வெந்நீரை ஊற்றக்கூடாது, விரிசல் விடும்.

எங்கே வைத்திருக்கிறீர்கள்? டிசம்பர், ஜனவரியில் பெங்களூர் இரவு 15 டிகிரிக்கு இறங்கும். ஜன்னலோரத்தில், கிரானைட் மேடையில் காற்று படும்படி வைத்தால் லோவில் தண்ணீர் 80-ஐத் தாண்டாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சுவர்ப் பக்கம் நகர்த்தினால் சரியாகிறது. சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் சோதனையில் தோற்றால் வோல்டேஜைப் பாருங்கள். சாக்கெட்டில் செருகினால் எண் காட்டும் சின்ன மீட்டர் கடையில் கிடைக்கும். 230 இருக்க வேண்டியது 190-க்கு இறங்கினால் குக்கரின் சூடு மூன்றில் இரண்டு பங்காகிவிடும். பல்பும் ஃபேனும் ஓடிக்கொண்டே இருப்பதால் நமக்குத் தெரியாது. ஒரு சாக்கெட்டில் மட்டும் குறைந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வீடு முழுக்கக் குறைந்தால், பெங்களூருக்குக் கரண்ட் கொடுக்கும் பெஸ்காமின் 1912 எண்ணில் சொல்லுங்கள். வோல்டேஜ் சரியாக இருந்து சூடு மட்டும் குறைகிறது என்றால், எலிமென்ட் வயதாகிவிட்டது அல்லது தெர்மோஸ்டாட் போய்விட்டது. கடைக்குக் கொண்டுபோங்கள்.

## கொண்டைக்கடலை, ராஜ்மா கல்லு மாதிரி நிற்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். மூன்றாம் மாடி மாமி ஒரு காலையில் கிண்ணத்தோடு வந்து நின்றார். "ராத்திரி பூரா வெச்சிருக்கேம்மா, பாரு, பல்லு உடையும்" என்றார். குக்கரைப் போய்ப் பார்த்தேன், தண்ணீர் 90 டிகிரி. மெஷினில் ஒன்றும் இல்லை. அவர் வீட்டில் அந்த வாரம் டேங்கர் தண்ணீர்.

போர்வெல், டேங்கர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம், அவை கடலையின் தோலை இறுக்கிவிடும். ஊறவைப்பதற்கும் வேகவைப்பதற்கும் ஆர்.ஓ. தண்ணீரையோ காவிரித் தண்ணீரையோ எடுங்கள். அதற்கு வழியில்லை என்றால் ஊறவைக்கும் தண்ணீரில் இரண்டு சிட்டிகை சமையல் சோடா போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டி அலசுங்கள். மாமிக்குத் தண்ணீரை மாற்றியதும் ஏழு மணி நேரத்தில் கடலை விரலில் நசுங்கியது.

தண்ணீர் சரி என்றால் புளி, தக்காளி, எலுமிச்சை முன்னாடியே போட்டீர்களா என்று பாருங்கள். புளிப்பு இருக்கும் இடத்தில் பருப்பு மெத்தாகாது. கடலை வெந்த பிறகுதான் புளிக்கரைசல். அதுவும் இல்லை என்றால் கடலை பழசு. டப்பாவின் அடியில் ஒரு வருடம் கிடந்ததை எந்தக் குக்கரும் மெத்தாக்காது, புதுக் கடலையில் ஒருமுறை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ராஜ்மாவுக்கு மட்டும் தனியாகச் சொல்கிறேன், இதை விட்டுவிடாதீர்கள். பச்சை ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நஞ்சு இருக்கிறது. நான்கைந்து மணிகள் அரைவேக்காட்டில் வயிற்றுக்குள் போனாலே சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். நல்ல கொதியில்தான் அது அழியும். ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் அழியாது, குறைவான சூட்டில் இன்னும் கூடவும் செய்யும். ஆகவே குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அடுப்பில் முப்பது நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அப்புறம்தான் ஸ்லோ குக்கருக்கு மாற்ற வேண்டும். பிரஷர் குக்கரில் நாலைந்து விசில் விட்டாலும் சரி. காய்ந்த மொச்சையையும் நான் இப்படிக் கொதிக்க வைத்தே சேர்க்கிறேன். கொண்டைக்கடலைக்கும் பச்சைப்பயறுக்கும் இந்தக் கவலை இல்லை.

## கறி ரப்பராக இருக்கிறது, அல்லது சக்கையாகிவிட்டது

இரண்டும் எதிரெதிர் கோளாறு. ரப்பராக இழுத்தால் நேரம் போதவில்லை. ஆட்டுக்கறியில் தொடை, கழுத்து, தோள் எல்லாம் லோவில் ஏழிலிருந்து ஒன்பது மணி நேரம் கேட்கும். ஆறாவது மணி நேரத்தில் "இன்னும் வேகலையே" என்று பிரஷர் குக்கருக்கு மாற்றிவிடுகிறார்கள், இன்னும் இரண்டு மணி நேரம் விட்டிருந்தால் எலும்பிலிருந்து தானாகக் கழன்றிருக்கும். ஆட்டுக்கால் பாயாவுக்கு நான் பத்து மணி நேரத்துக்குக் குறைத்ததே இல்லை. இந்தப் பாத்திரத்தை வாங்கியதற்கு அந்த ஒரு பாயா போதும். பிசுபிசுவென்று உதட்டில் ஒட்டும்.

சக்கையாக, நார்நாராக உலர்ந்து போனால் கறி தப்பு. எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி லோவில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. தொடையோடு வாங்குங்கள், அல்லது நாட்டுக்கோழி வாங்குங்கள். நாட்டுக்கோழிக்கு இந்தப் பொறுமையான சூடு அவ்வளவு பொருத்தம்.

## மசாலா பச்சை வாசனை அடிக்கிறது

வெங்காயம், இஞ்சி பூண்டு, மல்லித்தூள் எல்லாவற்றையும் அப்படியே கொட்டிவிட்டு மூடினால் இதுதான் நடக்கும். பச்சை வாசனை போவதற்கு எண்ணெயின் சூடு வேண்டும். ஸ்லோ குக்கரில் எது வைத்தாலும் கொதிநிலையைத் தாண்டாது, பத்து மணி நேரம் விட்டாலும் வதங்கிய மணம் வராது. வாணலியில் வதக்கி, தூள்களை அதில் ஒரு நிமிடம் பிரட்டி, எண்ணெய் பிரிந்த பிறகு பானைக்கு மாற்றுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைச் சேமிக்க முடியாது.

ஏற்கெனவே வெந்துவிட்டதா? இன்னொரு வாணலியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, குழம்பிலிருந்து இரண்டு கரண்டி எடுத்து ஊற்றி நன்றாகச் சுண்டவிட்டு, மறுபடி கலந்துவிடுங்கள். ஓரளவு மீட்கலாம். கிராம்பு, பட்டை முழுசாகப் போடுவதில் பாதியாகக் குறையுங்கள், நீண்ட நேரத்தில் காரம் ஏறிவிடும். கறிவேப்பிலை, கொத்தமல்லி, தாளிப்பு எல்லாம் கடைசியில்.

## தண்ணீராக நிற்கிறது, பால் திரிகிறது

மூடியிருக்கும் வரை ஆவி வெளியே போகாது. அடுப்புக் குறிப்பில் சொன்ன தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். இப்போது கையில் இருப்பதற்கு, மூடியைத் திறந்து ஹையில் அரை மணி நேரம் விடுங்கள்.

பால், தயிர், தேங்காய்ப்பால் எல்லாம் கடைசி அரை மணி நேரத்தில் மட்டும். தயிரைக் கடைந்து, அரை ஸ்பூன் கடலைமாவு கரைத்து ஊற்றினால் திரியாது.

## ஓரத்தில் அடிப்பிடிக்கிறது

எலிமென்ட் பக்கச் சுவரில் இருப்பதால் இங்கே கருகுவது அடியில் இல்லை, ஓரத்தில். பெரும்பாலும் பானை கால்வாசி மட்டும் நிறைந்திருப்பதுதான் காரணம். ஆறு லிட்டர் பானையில் இரண்டு பேருக்கு உளுந்தங்கஞ்சி வைத்தால் கருகத்தான் செய்யும். கொஞ்சமாகச் செய்ய வேண்டும் என்றால் பானைக்குள் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் கஞ்சியை வைத்து, சுற்றிலும் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். கேழ்வரகு, அரிசி, வெல்லம் சேர்ந்த எதற்கும் இது நல்ல வழி. பானை நிறைந்திருந்தும் எப்போதும் ஒரே பக்கத்தில் மட்டும் கருகினால் எலிமென்ட் அந்த இடத்தில் சுவரை விட்டுப் பிரிந்திருக்கலாம். கடைக்குக் கொண்டுபோங்கள்.

## நடுவில் கரண்ட் போய்விட்டது

குமிழ் வைத்த மாடல், கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். டிஜிட்டல் மாடல்களில் பெரும்பாலானவை அணைந்தபடியே இருக்கும். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான். உணவு எவ்வளவு நேரம் சூடில்லாமல் இருந்தது?

நீங்கள் வீட்டில் இருந்தால்: வேகாத கறியை உடனே கேஸ் அடுப்புக்கு மாற்றிச் சமைத்து முடித்துவிடுங்கள், கரண்டுக்குக் காத்திருக்க வேண்டாம். முழுசாக வெந்துவிட்டது என்றால் மூடியைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் வரை வைக்கலாம்.

நீங்கள் வீட்டில் இல்லை, திரும்பி வந்தால் குக்கர் அணைந்திருக்கிறது என்றால்: எப்போது போனது என்று தெரியாத கறியைச் சாப்பிடாதீர்கள். பார்க்க வெந்த மாதிரி இருந்தாலும் வேண்டாம். எனக்கே இப்படி ஆனது. இரவு வைத்த ஒரு கிலோ ஆட்டுக்கறி, காலையில் பார்த்தால் வெதுவெதுப்பு, டிஸ்ப்ளே வெறுமையாக இருந்தது. கொட்டும்போது மனசு வலித்தது. ஆனால் திரும்பக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், சில கிருமிகள் விட்டுப்போன நஞ்சு சாகாது. குமிழ் மாடல்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், போய் வந்ததே தெரியாது. மைக்ரோவேவ் கடிகாரத்தைப் பாருங்கள். அது பூஜ்ஜியத்தில் மினுக்கினால் நடுவில் கரண்ட் போயிருக்கிறது.

"இன்வெர்ட்டரில் போட்டுக்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு: 200 வாட் குக்கர் எட்டு மணி நேரத்துக்கு 1.6 யூனிட் இழுக்கும். வீட்டில் வைக்கும் 150 ஏ.எச். பேட்டரியின் கொள்ளளவே காகிதத்தில் 1.8 யூனிட்தான். அரை மணி நேர மின்தடையைத் தாண்டலாம், இரவு முழுக்க ஓட்ட முடியாது. அடுக்ககத்தில் ஜெனரேட்டர் இருந்தால் சமையலறைப் பாயின்ட் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். பல இடங்களில் விளக்கும் ஃபேனும் மட்டும்தான் சேர்ந்திருக்கும்.

## ஸ்விட்ச் போட்டதும் ட்ரிப் ஆகிறது, அல்லது தொட்டால் ஷாக்

இந்த அறிகுறியில் மட்டும் நீங்கள் செய்ய வேண்டியது மிகக் குறைவு. பிளக்கைப் பிடுங்குங்கள்.

அடிப்பகுதியைத் தண்ணீரில் கழுவினீர்களா, குழம்பு பொங்கி வெளியே வழிந்ததா என்று யோசியுங்கள். அப்படியென்றால் பானையை எடுத்துவிட்டு, கவிழ்த்து, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள். மறுபடி ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுந்தால் உள்ளே மின்கசிவு இருக்கிறது, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆர்.சி.சி.பி.யை விட்டுவிட்டு வேறு லைனில் போடுகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

உலோக உடலைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? இரண்டு பின் அடாப்டர் வழியாகப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள், எர்த் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். மூன்று பின்னில் நேராகப் போட்டும் சுருக்கென்றால் வீட்டு எர்த்தையும் குக்கரையும் இரண்டையும் எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும். அதுவரை தொட வேண்டாம்.

## வாசனை, பூச்சி

புதுக் குக்கர் முதல் தடவை லேசாகப் புகை வாசனை அடிக்கும். தண்ணீர் மட்டும் ஊற்றி இரண்டு மணி நேரம் ஹையில் ஓட்டிக் கொட்டிவிடுங்கள். பழைய குக்கரில் திடீரென்று பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தால் அது வேறு, நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். பட்டன் அழுத்தாமலே டிஸ்ப்ளே மாறினால் அடியில் கரப்பான் புகுந்திருக்கலாம். வெதுவெதுப்பான இடம் அதற்குப் பிடிக்கும். கடையில் திறந்து சுத்தம் செய்து தருவார்கள். பயன்படுத்தாத நாட்களில் துணிப்பையில் போட்டுக் கட்டி வையுங்கள்.

## அமெரிக்காவிலிருந்து வந்தது, போட்டதும் டப்

அடியில் ஒட்டிய லேபிளைப் படியுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அதை நம் சாக்கெட்டில் நேராகப் போடவே கூடாது. 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட மூன்றேமுக்கால் மடங்கு சூடாகும், 250 வாட் குக்கர் 900 வாட்டைத் தாண்டும். ஒருமுறை போட்டு "டப்" என்றால் பெரும்பாலும் தெர்மல் ஃபியூஸ் போயிருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் அதோடு நின்றிருக்கும். சரிசெய்த பிறகும் 500 வாட்டாவது தாங்கும், தொடர்ந்து ஓடக்கூடிய ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அதன் விலையையும் எடையையும் பார்த்தால் இங்கேயே ஒன்று வாங்கிவிடுவது நல்லது. சிங்கப்பூர், துபாய், லண்டன் குக்கர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கும் நம் மாதிரி 230 வோல்ட் பக்கம்தான்.

## பானையில் வெள்ளைப் படிவு, கீறல், விரிசல்

வெள்ளையாகப் படிவது உப்புத் தண்ணீரின் வேலை. பானை நிறையத் தண்ணீரும் ஒரு டம்ளர் வினிகரும் ஊற்றி லோவில் இரண்டு மணி நேரம் விட்டு, ஆறியதும் தேங்காய் நாரால் தேய்த்தால் போய்விடும். கம்பி நார் வேண்டாம்.

மேல் பளபளப்பில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரிந்தால் பானையை உலர்த்தி, வெளிப்பக்கத்தைச் செய்தித்தாள் மேல் வைத்து, உள்ளே தண்ணீர் ஊற்றி ஒரு இரவு விடுங்கள். தாள் காய்ந்தே இருந்தால்கூட, நகத்தில் அந்தக் கோடு தட்டுப்பட்டால் சமையலுக்கு வேண்டாம். குழம்பு உள்ளே இறங்கித் தங்கிவிடும். தாள் நனைந்திருந்தால் பேச்சே இல்லை, கசிவது நேராக எலிமென்ட்டின் மேல் இறங்கும். ஃபெவிக்விக், எம்-சீல் போட்டு ஒட்டிய பானையையும் பார்த்திருக்கிறேன். சூட்டில் அது குழம்போடு கலக்கும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

விரிசல் வருவது பெரும்பாலும் திடீர் சூடு மாற்றத்தால்தான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பானையை நேராகச் சூட்டில் வைப்பது, சமையல் முடிந்த கையோடு சிங்க்கில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவது, இரண்டும் ஆகாது. மீந்த குழம்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் அடுப்பில் கொதிக்க வைத்த பிறகு வேண்டுமானால் பானையில் ஊற்றி வார்மில் வைக்கலாம்.

பானை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். வேறு பானை வாங்குவதாக இருந்தால் பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். லிட்டர் ஒன்றாக இருந்தாலும் விளிம்பும் ஆழமும் மாடலுக்கு மாடல் மாறும், பக்கச் சுவரில் இடைவெளி விழுந்தால் சூடு ஏறாது.